லேபிள் ஒட்டாத டப்பா

என் கணவரின் கடை, ராணுவப் பயிற்சி முகாமின் வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வெளியே விட்டதும் பயிற்சிக்காரர்கள் முதலில் நுழைவது இங்கேதான். சுவர் முழுக்கப் புரோட்டீன் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் கழுத்தே இல்லாத ஓர் ஆள் புஜத்தை மடக்கிக் காட்டிக்கொண்டு நிற்பான். அதெல்லாம் ஒழுங்கான சரக்கு, அதில் எனக்கு வழக்கு இல்லை. என் வயிற்றெரிச்சலெல்லாம் கல்லாவுக்குக் கீழே இருக்கும் லேபிள் ஒட்டாத டப்பாவின் மேல்தான். சாதாரணப் பவுடரில் எங்கிருந்தோ வரவழைத்த வெள்ளைத்தூளைக் கலந்து அவரே தயாரிப்பது. வாங்குகிறவர்கள் அதற்கு ‘வெடி’ என்று பேர் வைத்திருந்தார்கள். குடித்தால் களைப்பே தெரியாதாம்.

களைப்பே தெரியாவிட்டால் மனுஷன் எப்போது நிற்பான்? இந்தச் சின்னக் கேள்வி அந்தப் பெரிய வியாபாரிக்குத் தோன்றவில்லை.

என் தம்பியும் அந்த முகாமில்தான் இருந்தான். முதுகில் மூட்டையோடு ஓடும் தேர்வில் ஒருமுறை தோற்றிருந்தான். மறுபடி தோற்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவன் மாமாவிடம், அதாவது என் கணவரிடம், வந்து நின்றான். மாமா வெடியை எடுத்துக் கொடுத்தார், காசுகூட வாங்காமல். பாசமாம்! எனக்குத் தெரியாமல் நடந்த பாசம்.

தம்பி அந்த ஓட்டத்தில் முதல் ஆளாக வந்தான். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் விழுந்தான்.

முகாம் மருத்துவமனைக்கு ஓடினேன். தொடை இரண்டும் வீங்கிக் கிடந்தான். கட்டிலில் தொங்கிய பையில் சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் இருந்தது.

“தசை சிதைஞ்சு சிறுநீரகத்தை அடைக்குது. இதயமும் தாறுமாறா துடிக்குது. இவர் என்ன சாப்பிட்டார்னு தெரியாம நான் மருந்து கொடுத்தா அதுவே எமனாயிடும்,” என்றார் டாக்டரம்மா.

“ஒண்ணுமே சாப்பிடல மேடம்,” என்றான் தம்பி. பேச்சே குழறியது.

என் கணவர் என்னைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போனார். “வெடியைப் பத்தி மூச்சு விடாதே. பாவம், அவன் வேலை போயிடும்டி.” கண்ணில் தண்ணீர் வேறு. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

நேராக உள்ளே போய் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

தம்பி பிழைத்தான். சிறுநீரகம் முக்கால்வாசி பழுது, வேலையும் போனது. கடையைச் சோதிக்க ஆள் வந்தபோது வெடி இருந்த இடம் துடைத்து வைத்திருந்தது. தம்பியைக் கேட்டதற்கு, அக்கா ஏதோ குழம்பிப்போய்ச் சொல்லிவிட்டாள் என்று முடித்துவிட்டான்.

“நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா நான் இன்னைக்கு யூனிஃபார்ம்ல இருப்பேன்,” என்றான் என்னிடம்.

“யூனிஃபார்ம்ல இல்லடா, குழியில இருந்திருப்பே!”

அதோடு பேச்சை நிறுத்திவிட்டான். மாமாதான் அவனுக்குத் தெய்வம். அந்தத் தெய்வத்தின் கடையிலேயே போய் உட்கார்ந்துகொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் வீட்டில் மறந்து வைத்துவிட்டுப்போன மாத்திரையைக் கொடுக்கக் கடைக்குப் போனேன். தலையை ஒட்ட வெட்டிய ஒரு பயிற்சிக்காரர் நின்றிருந்தார். மேசைமேல் அதே லேபிள் இல்லாத டப்பா.

“நானே குடிச்சவன்தாங்க. முதல் ஆளா வந்தேன். எனக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா? நீங்களே பாருங்க,” என்று தம்பி சொல்லிக்கொண்டிருந்தான்.

டப்பாவைத் திறந்து, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கை நிறைய அள்ளிப் போட்டுக் கலக்கினேன். என் கணவரின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“குடிங்க.”

“என்னடி இது, கஸ்டமர் முன்னாடி...”

“நல்ல சரக்குன்னுதானே விக்கிறீங்க? குடிங்க!”

“எனக்கு பிரஷர் இருக்குல்ல,” என்று அவர் பின்னால் நகர்ந்தார்.

தம்பி எழுந்தான். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் என்னிடம் பேசினான். “மாமாவை ஏன்க்கா அசிங்கப்படுத்துறே? குடு, நான் குடிக்கிறேன்.” நான் சுதாரிப்பதற்குள் டம்ளரைப் பிடுங்கி வாயருகே கொண்டுபோய்விட்டான்.

என் கணவர் மேசையைத் தாண்டிப் பாய்ந்து அவன் கையில் ஓங்கி அடித்தார். டம்ளர் சுவரில் மோதிச் சிதறியது.

“பைத்தியமாடா உனக்கு? குடிச்சா செத்துப்போயிடுவே!”

பயிற்சிக்காரர் எடுத்த பணத்தை மறுபடி சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார். தம்பி நனைந்த கையைத் துடைக்காமல் நின்றான்.

“மாமா,” என்றான் மெல்ல. “அன்னைக்கு எனக்குக் கொடுக்கும்போதும் இது தெரியுமா?”

என் கணவர் குனிந்து கண்ணாடித்துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.