முன்னறையில் பதினெட்டு, அடுக்களையில் ஐந்து

அக்டோபர் முதல் வாரத்தில் புகைபோக்கி ஆய்வாளர் ஃப்ரெரிக் வந்து, மென்னோ ஹார்ம்ஸ் வீட்டுப் பின்கட்டில் இருந்த, வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் பாய்லரைக் கால் மணி நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு அதன் மூடியில் ஒரு சிவப்புத் தாளை ஒட்டினார். உள்ளே வெடிப்பு விட்டிருந்தது. புகை வீட்டுக்குள் கசியும், இனிமேல் பற்றவைக்கக் கூடாது. முப்பத்தைந்து வருடம் பார்த்துப் பழகிய பாய்லர் என்பதால், போகும்போது தொப்பியைக் கழற்றி அதற்கு ஒரு மரியாதை செலுத்திவிட்டுப் போனார்.

அன்று மாலையே மென்னோவின் மனைவி தாலேயா தன் முடிவைச் சொல்லிவிட்டார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் மட்டுமே.

"முதல் உறைபனி விழுற வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள வீட்டுக்கு வழி பண்ணலைன்னா லேர் ஊர்ல இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன்."

"எத்தனை நாளைக்கு?" என்றார் மென்னோ.

"நாள் கணக்கு ஒண்ணும் இல்ல. கெண்டியையும் எடுத்துட்டுத்தான் போவேன்."

மென்னோவின் முகம் வெளுத்தது. கெண்டி என்றால் ரோஜாப்பூ போட்ட பீங்கான் கெண்டி, தாலேயாவின் கல்யாணத்துக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் துணிமணியோடு போனால் திரும்பி வருவாள். தேநீர்க் கெண்டியோடு போனால் வரமாட்டாள். போன குளிர்காலத்தில் தாலேயாவின் விரல் மூட்டுகள் வீங்கி, அந்தக் கெண்டியை இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. அவர் மிரட்டவில்லை. தகவல் சொன்னார்.

மென்னோ முப்பத்தெட்டு வருடம் கடல் மதகில் காவலராக இருந்தவர். காற்றின் திசை, நீர்மட்டம், எந்தப் படகு எத்தனை மணிக்குப் போனது என்று எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதினார். ஓய்வு பெற்ற மறுநாள் கடையில் அதே மாதிரி ஒரு பதிவேடு வாங்கி, வீட்டுக்கு எழுத ஆரம்பித்தார். யார் வந்தார், எங்கே உட்கார்ந்தார், எத்தனை கோப்பை குடித்தார், எப்போது போனார். இந்தப் பழக்கத்தைத் தாலேயா பொறுத்துக்கொண்டார். மதகு இல்லாத மனிதர், வேறு என்னதான் செய்வார்?

பாய்லருக்குப் பதில் புது இயந்திரம் வைக்க மூன்று பேரிடம் கொட்டேஷன் கேட்டார்கள்.

முதலில் வந்தவர் ஓல்டன்பர்க் நகரத்திலிருந்து குவாண்ட். டை கட்டியவர். வெளியூர்க்காரர் என்பதால் தாலேயா அவரை முன்னறையில் உட்கார வைத்தார். முன்னறை விருந்தாளிகளுக்கானது. வீட்டு மனிதர்கள் அங்கே உட்காருவது கிறிஸ்துமஸுக்கும் சாவுக்கும் மட்டும். பாய்லர் ஓடிய காலத்திலும் அந்த அறைக்குப் போகும் சூட்டுக் குழாயை மூடித்தான் வைத்திருப்பார்கள். குவாண்ட் மேல்கோட்டைக் கழற்றவில்லை. இரண்டாவது கோப்பைத் தேநீர் முடிவதற்குள் கையுறையும் போட்டுக்கொண்டார்.

"மேடம், இந்தச் சுவர்லருந்து காத்து வருதே?"

"அது சுவர் இல்ல சார், கடல். நாலு கிலோமீட்டர்ல இருக்கு."

அவருடைய கொட்டேஷன் முப்பத்து நான்கு பக்கம். பதினெட்டு கிலோவாட் ஹீட் பம்ப், தரையெல்லாம் தோண்டிக் குழாய், சுவருக்கு வெளியே இன்னொரு சுவர். பதினோராம் பக்கத்தில், "தொழில்நுட்ப நோக்கில் இக்கட்டடத்தைத் திறந்தவெளியாகக் கருதலாம்" என்று ஒரு வரி இருந்தது.

இரண்டாவது, தாலேயாவின் சித்தி மகன் ஓக்கோ. மூன்று ஊர் தள்ளி அவனுக்கு ஒரு பட்டறை. சொந்தக்காரன், நேராக அடுக்களைக்கு வந்து விறகடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினான்.

"அக்கா, ஒரு ஜன்னலயாவது தொறயேன், வேகுது."

"அளவெடுக்க வந்தியா, குளிக்க வந்தியா?"

"எடுத்தாச்சு. அஞ்சு கிலோவாட் போதும். அதுவே ஜாஸ்தி. அத்தான் தினம் ரெண்டு தடவ மாடிப்படி ஏறி இறங்கினா நாலே போதும்."

தேயிலைப் பொட்டலத்தின் பின்புறம் '5' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்.

மூன்றாவது ஐக்னர், பவேரியாக்காரர். ஒரு பெரிய கம்பெனி தெற்கிலிருந்து அனுப்பிய ஆள். அவருக்கும் முன்னறைதான். தாலேயா கோப்பையில் கற்கண்டைப் போட்டு, மேலே சூடான தேநீரை ஊற்றி, ஓரமாகப் பாலேட்டை விட்டார். குடித்தார், நன்றி சொன்னார். கோப்பை மறுபடி நிறைந்தது. மூன்றுக்குப் பிறகு "போதும்" என்றார். நிறைந்தது. போதும் என்றால் கரண்டியைக் கோப்பைக்குள் வைக்க வேண்டும், இங்கே குழந்தைக்கும் தெரியும். வாயால் சொல்வது வெறும் மரியாதை, அதை யாரும் காதில் வாங்குவதில்லை. ஐக்னர் கரண்டியை ஒவ்வொரு முறையும் துடைத்து, சாசரில் அழகாக வைத்தார்.

பதினோரு கோப்பை. ஆறு முறை குளியலறை. மென்னோவின் பதிவேட்டில் நேரத்தோடு இருக்கிறது.

அவருடைய கொட்டேஷன் ஒன்பது கிலோவாட். அதில் ஆறு குளியலறைக்கு. அங்கே தரைச் சூடு, உட்காரும் பலகைக்குச் சூடு, துண்டு காய வைக்க மூன்று சூட்டுக் கம்பிகள். கடைசியில் ஒரு குறிப்பு: "வீட்டின் பிற பகுதிகளைப் பார்வையிட நேரம் கிடைக்கவில்லை."

நவம்பர் தொடக்கத்தில் மென்னோ மூன்றையும் அடுக்களை மேசையில் விரித்து என்னைக் கூப்பிட்டார். பதினெட்டும் ஐந்தும் ஒன்பதும் கூட்டி மூன்றால் வகுத்து, பத்தரைக்குக் கொஞ்சம் மேலே என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

"மதகுல மூணு அளவுகோல் வச்சிருந்தோம். மூணும் மூணு சொல்லும். கூட்டி வகுத்துருவோம்."

"மென்னோ, அது ஒரே தண்ணி. அதனால சரி."

"இதுவும் ஒரே வீடுதானே?"

அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டிருந்த தாலேயா திரும்பாமலே சொன்னார். "ஒரே வீடுன்னு யார் சொன்னா?"

மென்னோ பதிவேட்டை எடுத்து, 'எங்கே உட்கார்ந்தார்' என்ற பத்தியில் விரலை ஓட்டினார். முன்னறை, பதினெட்டு. அடுக்களை, ஐந்து. முன்னறையும் குளியலறையும், ஒன்பது.

"அவங்க வீட்டை அளக்கல. நாற்காலிய அளந்திருக்காங்க," என்றார்.

சோதித்துப் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. குவாண்டையும் ஓக்கோவையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் வரச்சொன்னார். இடத்தை மட்டும் மாற்ற வேண்டும். தாலேயா ஒத்துக்கொள்ளவில்லை.

"டை கட்டின மனுஷன வெங்காயத்துக்குப் பக்கத்துல உக்கார வைக்கிறதா? ஊர் என்னைப் பத்தி என்ன பேசும்?"

"முன்னறையில பெயின்ட் காயலைன்னு சொல்லு."

"பொய் வேற சொல்லணுமா?"

கடைசியில் மென்னோ உண்மையாகவே முன்னறைக் கதவின் உள்பக்கத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார். அதன்பின் தாலேயா மனசாட்சியோடு அதைச் சொன்னார்.

குவாண்ட் அடுக்களையில் உட்கார்ந்தார். முதல் கோப்பையில் கையுறை போனது, இரண்டாவதில் மேல்கோட்டு, மூன்றாவதில் டை. இப்படி ஒரு இதமான வீட்டைத் தான் பார்த்ததே இல்லை என்றார். போன தடவை சேர்த்தது எல்லாம் அதிகப்படி, ஆறு போதும், தரையைத் தொட வேண்டாம்.

அதே நேரம் ஓக்கோவை மென்னோ முன்னறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். பெயின்ட் சாக்கு சொந்தக்காரனுக்குப் பொருந்தாது. ஓக்கோ வாசலிலேயே நின்று தொப்பியை எடுத்துவிட்டான்.

"யாரு அத்தான் போயிட்டாங்க?"

"யாரும் போகல. உக்காரு."

"சும்மா சொல்லுங்க. பெரியப்பாவா?"

யாரும் சாகவில்லை என்று அவன் நம்புவதற்கு இரண்டு கோப்பை ஆயிற்று. மூன்றாவதில் பல் கிட்டியது. பதினெட்டு இல்லாமல் இந்த வீட்டில் மனிதன் குடியிருக்க முடியாது, சுவருக்கு வெளியே இன்னொரு சுவர் எழுப்ப வேண்டும் என்றான்.

இருவரும் வாசலில் சந்தித்தார்கள்.

"ஆறுதான்!" என்றார் குவாண்ட், டை கையில்.

"பதினெட்டு! எங்கக்கா வீடு எனக்குத் தெரியாதா? நீங்க நகரத்து ஆளு சார், ஒங்களுக்குக் குளிர்னா என்னன்னு தெரியுமா?"

"போன மாசம் பதினெட்டுன்னு சொன்னவனே நான்தான்யா!"

"அப்ப புத்தியோட இருந்திருக்கீங்க!"

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் என் வீட்டு நாய் குரைக்கும் அளவுக்குச் சத்தம் போட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு திசையில் வண்டியை எடுத்தார்கள். மென்னோ பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். சோதனை வெற்றி. ஆனால் கையில் இப்போது ஐந்து எண்கள்.

வியாழக்கிழமை காலை வானொலி சொன்னது: காற்று வடகிழக்கு, வார இறுதியில் உறைபனி. வெள்ளிக்கிழமை நான் கடன் கேட்டிருந்த ஏணியை எடுக்கப் போனபோது, நடையில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே செய்தித்தாளில் சுற்றிய ஒன்று. அதன் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. மென்னோ பெட்டிக்குப் பக்கத்தில், மதகுக் கதவுக்குக் கீழே தண்ணீர் வருவதைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டிருந்தார்.

"நாளைக்கு ஒம்பது மணி பஸ்," என்றார்.

"தாலேயா கிட்ட கேட்டியா?"

"என்ன கேக்குறது? மூணு நிபுணருங்களுக்கே தெரியல."

"அவங்க எங்க உக்காந்தாங்கன்னு ஒன் புஸ்தகத்துல எங்க இருக்கு?"

மென்னோ பதிவேட்டைப் புரட்டினார். பதினாலு வருடப் பக்கங்கள். தாலேயாவின் பெயர் அந்தப் பத்தியில் ஒரு இடத்திலும் இல்லை. அவர் ஊற்றுகிறவர். ஊற்றுகிறவர் உட்காருவதில்லை.

பிறகு நடந்ததில் பாதியை நான் பார்த்தேன். என் வீட்டு மின்சார ஹீட்டரை மென்னோ கேட்டு வாங்கி முன்னறையில் வைத்தார். பெட்டியிலிருந்து கெண்டியை எடுத்துச் செய்தித்தாளைப் பிரித்தார். மனைவியைக் கூப்பிட்டார்.

"என்ன இது? யாரு வராங்க?"

"யாரும் வரல. நீ அதுல உக்காரு."

"நானா? முன்னறையிலயா? அடுப்புல கஞ்சி இருக்கு."

"கஞ்சிய நான் பாத்துக்கிறேன். உக்காரு தாலேயா."

தாலேயா நாற்காலி நுனியில் உட்கார்ந்தார், அடுத்தவர் வீட்டில் உட்காருவதுபோல. மென்னோ கற்கண்டைப் போட்டு ஊற்றினார். சாசரில் பாதி போயிற்று. தாலேயா ஜன்னலைப் பார்த்தார்.

"இங்கருந்து அணைக்கரை தெரியுது," என்றார். "நாப்பத்தோரு வருஷமா இந்த ஜன்னலத் துடைக்கிறேன்."

"குளிருதா?"

"குளிருது."

"எவ்வளவு வேணும்?"

"கிலோவாட்டெல்லாம் எனக்குத் தெரியாது. இங்க உக்காந்து கையுறை இல்லாம ஸ்வெட்டர் பின்னணும். அவ்வளவுதான். அடுக்களைக்கு ஒண்ணும் வேணாம், அடுப்பு இருக்கு. படுக்கையறைக்குக் கொஞ்சம். அப்புறம்..." கொஞ்சம் தயங்கினார். "அந்தப் பவேரியாக்காரன் சொன்ன துண்டுக் கம்பி. மூணு வேணாம். ஒண்ணு."

மென்னோ அப்படியே எழுதிக்கொண்டார். பின்னால் ஓக்கோ அந்தக் காகிதத்தை வைத்து, இந்த முறை டேப்பும் கையுமாக எல்லா அறைக்கும் நடந்து, நின்றுகொண்டே கணக்குப் போட்டான். பதினொன்று வந்தது. தன் கூட்டல் கணக்கு கிட்டத்தட்டச் சரி என்று மென்னோ இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். பம்ப் வந்து சேர ஜனவரி ஆகிவிட்டது. அதுவரை என் ஹீட்டர் எனக்குத் திரும்பி வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை வாய்க்கால் ஓரம் வெள்ளையாக உறைந்திருந்தது. ஒன்பது மணி பஸ் நின்றது, யாரும் ஏறவில்லை, போயிற்று. ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பதிவேடு மேசையில் திறந்து கிடந்தது. முந்தைய நாளின் வரி மட்டும் வழக்கத்தைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது:

'வடகிழக்குக் காற்று. முன்னறை. தாலேயா ஹார்ம்ஸ். நான்கு கோப்பை. கரண்டியை இன்னும் உள்ளே வைக்கவில்லை.'