அத்திமரம் தின்ற பெயர்

கலைக்களஞ்சிய அலுவலகத்தில் அவளை அத்திக்காரி என்றுதான் சொல்வார்கள். அத்திமரம் பற்றிய ஒரே கட்டுரைக்காகப் பதினோரு வருடம் குறிப்பெடுத்து, ஏழு செருப்புப் பெட்டிகளை அட்டைகளால் நிரப்பியவளை வேறெப்படிச் சொல்வார்கள்? முதல் மனிதன் அத்தியிலையால் மானம் மறைத்த கதை, காய்க்குள்ளேயே ஒளிந்து பூக்கும் பூ, உள்ளே நுழையும்போதே சிறகை இழக்கும் குளவி என எதைக் கேட்டாலும் பெட்டியைத் திறக்காமலே ஒப்பிப்பாள்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம். அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்க வரும் கடைசி மெய்ப்பில் கையெழுத்துப் போடுகிறவர் பெயர்தான் கட்டுரையின் அடியில் வரும். அம்மா இறந்து அவள் மூன்று நாள் விடுப்பில் இருந்தபோது அந்த மெய்ப்பு வந்தது. முதன்மை ஆசிரியரின் மருமகன், வேலைக்கு வந்து நாலு மாதம் ஆகாதவன், கூச்சமில்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

"அச்சுக்குப் போயிடுச்சும்மா. யார் பேரு வந்தா என்ன?" என்றார் முதன்மை ஆசிரியர். அவர் பெயர் மட்டும் புத்தகத்தின் மேலட்டையிலேயே கொட்டை எழுத்தில் இருந்தது.

வெளியீட்டு விழாவுக்கு அக்காவையும் அழைத்துப் போனாள். மருமகன் மைக்கைப் பிடித்தான்.

"உச்சி வேளையில அத்திமரத்தடிக்குப் போனா மரம் நம்ம பேரைத் தின்னுடும். அப்புறம் பெத்த தாய்கூட நம்மளைக் கூப்பிட மாட்டா. எங்கம்மா மடியில படுத்துக் கேட்ட கதை இது!" குரல் வேறு தழுதழுத்தது.

அக்கா அவள் தொடையைக் கிள்ளினாள். "அடிப்பாவி! நான் உனக்கு விட்ட புளுகுடி அது. பழத்தையெல்லாம் நானே திங்கறதுக்காகச் சொன்னது."

அவளுக்கு அது தெரியாதா? வேலையில் சேர்ந்த முதல் வருடம், சாயங்காலத்துக்குள் இன்னொரு நாட்டுப்புறக் கதை வேண்டும் என்று முதன்மை ஆசிரியர் நெருக்கியபோது, அக்காவின் புளுகை எழுதி, ஆதாரம் என்ற இடத்தில் 'வாய்மொழி' என்று போட்டவளே அவள்தான். செய்த ஒரே தில்லுமுல்லு. இப்போது அது ஒன்றுதான் அவளுக்குச் சாட்சி. சொன்னால் வேலை போகும். போகட்டும், பெயராவது மிஞ்சும் என்று எழுந்தாள்.

"அந்தக் கதையை அவங்கம்மா சொல்லியிருக்கவே முடியாது. எங்கக்கா சின்ன வயசுல கட்டினது. அட்டையில எழுதினது நான். கட்டுரை முழுக்க என்னோடது!"

முன்வரிசையில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் திரும்பினார்.

"என்னம்மா இது? எங்க வீட்லயும் சொல்லுவாங்களே."

"எங்க பக்கம் உச்சி வேளை இல்லீங்க, அந்தி நேரம்னு சொல்லுவாங்க" என்றாள் பின்னாலிருந்து ஒரு செவிலி. இன்னும் நாலைந்து கைகள் உயர்ந்தன.

மருமகன் பெருந்தன்மையாகச் சிரித்தான். "இவங்கம்மா தவறின துக்கம், பாவம். யாரும் தப்பா நினைக்காதீங்க." அதற்கும் கைதட்டினார்கள்.

அவள் அக்காவின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "எழுந்து சொல்லுக்கா. நீ சொன்னா நம்புவாங்க."

அக்கா பாதி எழுந்தாள். உயர்ந்திருந்த கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தாள்.

"ஏண்டி," என்றாள் மெதுவாக, "ஒருவேளை எனக்கும் யாராவது சொல்லித்தான் இருப்பாங்களோ?"