செரிக்காத வசனம்

என் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். சாலையில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் சிவப்பு விளக்கு எரிந்தால் நின்றுவிடுவார். வேதம் வாசிப்பதிலும் அப்படித்தான். காலையில் ஒரே ஒரு வசனம். அதை மனதுக்குள் போட்டு மெல்ல வேண்டும், அது சொல்வதைச் செய்ய வேண்டும், அப்புறம்தான் காலைச் சாப்பாடு. ஆத்துமாவுக்கு முதல் பந்தி, வயிற்றுக்கு அடுத்த பந்தி என்பார்.

இன்னாருக்கு இன்னார் பிறந்தார் என்று பெயர்களாக வந்தவரை எனக்குக் கவலை இல்லை. செய்வதற்கு ஒன்றுமில்லாததால் நன்றாகவே சாப்பிட்டார். பிறகு மலைப்பிரசங்கம் வந்தது. காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது.

இவருக்கு இருப்பது ஒரே தம்பி. பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறார். எங்கள் மகள் கல்யாணத்துக்கு இவருக்குக் கோட்டு தைத்தது அவர்தான். குடும்பத்தோடு படம் எடுக்கும்போது வயிற்றுப் பொத்தான் தெறித்துப் போய் சம்பந்தியம்மாவின் மூக்குக் கண்ணாடியில் அடித்தது. தம்பி வேண்டுமென்றே சின்னதாகத் தைத்துவிட்டான் என்று இவர் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். கொழுந்தனார் சாப்பிடாமல் எழுந்து போனார். அதோடு பேச்சு நின்றது.

இப்போது வசனமும் நகரவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை. வாரக்கணக்காகக் காலையில் வெறும் தேநீர்தான். அந்த வசனத்தைத் தாண்டிப் போய்விடுங்களேன் என்றேன். சிவப்பில் போகக் கூடாது என்றார். தம்பி வீட்டுக்காவது போங்கள் என்றேன். காது கேட்காதவர் மாதிரி பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். வறட்டுக் கௌரவத்துக்காக மெலிகிற மனிதரைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் தலை சுற்றி, பயணிகளோடு வண்டியை ஓரம் கட்டினார் என்று கேட்டதும் பயந்துபோய் அழுதுவிட்டேன்.

மறுநாள் காலை அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் செருப்பை மாட்டினேன்.

கொழுந்தனார் தையல் எந்திரத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தார். இவர் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். கொழுந்தனார் எழுந்து வந்து, முன்பக்கம் இரண்டையும் இழுத்துச் சேர்த்துப் பார்த்தார். கச்சிதமாகச் சேர்ந்தது.

"இளச்சுட்டியே அண்ணா," என்றார்.

"கோட்டு அன்னிக்கும் சரியாத்தான் இருந்துச்சு. நீ அளவெடுக்கும்போது நான் வயித்த எக்கிப் பிடிச்சிருந்தேன்."

"தெரியும். அதுக்காகவே ரெண்டு விரல் கூட விட்டுத்தான் தச்சேன்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. கல்யாணத்தன்று கொழுந்தனார் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் இவர் மானம் கப்பலேறியிருக்கும். அதைச் சொல்லாமல்தான் அவர் பட்டினியாகப் போயிருக்கிறார்.

இவர் கோட்டுக் கையால் கண்ணைத் துடைக்கப் போனார். கறை பட்டால் போகாது என்று கொழுந்தனார் ஒரு துண்டுத் துணியை நீட்டினார். பிறகு தெறித்துப் போன பொத்தானுக்குப் பதில் வேறொன்றைத் தைத்து முடித்தார். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். இவர் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து, பொத்தானுக்கு இன்னொரு சுற்று நூல் போட்டிருக்கலாம் என்று கொழுந்தனார் வருத்தப்பட்டார்.

அடுத்த நாள் ஒருவழியாக அடுத்த வசனத்துக்கு வந்தார். எதிராளியோடு வழியில் இருக்கும்போதே சீக்கிரமாகச் சமாதானமாகு என்று இருந்தது. இரண்டு முறை வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இந்த வசனத்த முன்னாடியே போட்டிருக்கலாம்," என்றார்.