வெல்லமும் ஒரு செம்புத் தண்ணீரும்

ஆவடியில் பட்டாளத்து லாரிகளுக்கு இரும்புச் சாமான் வார்த்துக் கொடுக்கும் கொட்டகையில் எனக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை. குடிக்க ஊற்றுவதில்லை. அச்சிலிருந்து வரும் வார்ப்பில் மணல் அப்பிக்கொண்டிருக்கும். அதை ஆண்கள் கையில் பிடிக்கிற சாணை மெஷினால் தேய்த்து எடுப்பார்கள். ரப்பர் குழாயில் சீறி வரும் காற்றில் அதன் கல் சுழலும். கல் படுகிற இடத்தில் நான் செம்பால் சன்னமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே நிற்க வேண்டும். தூசு எழும்பாது, சேறாக வழிந்துவிடும். புடவை பாழாகும், கை விட்டுப்போகும், அவ்வளவுதான்.

தேய்க்கிறவர்களில் என் வீட்டுக்காரர் வேம்புலியும் ஒருவர்.

யுத்தம் முற்ற முற்றச் சாமான் கேட்டு நெருக்கினார்கள். ஈரத்தில் தேய்த்தது துருப்பிடிக்கிறது என்று ஒரு தடவை ஒரு லோடு அப்படியே திரும்பி வந்தது. அன்றோடு தண்ணீர் நின்றது. தொண்டையில் படிகிற தூசை வெல்லம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று சொல்லி, மேஸ்திரி மணவாளன் தினமும் ஆளுக்கொரு கட்டி வெல்லம் கொடுக்க ஆரம்பித்தார். என் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார். இனிப்பு கண்ணில் படுவதே அரிதாகிவிட்ட காலம். ஆண்கள் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டார்கள்.

கொட்டகையின் லட்சணம் கூட்டுகிறவளுக்குத்தான் தெரியும். முன்பு தரையோடு கிடந்த தூசு இப்போது உத்தரத்தில் இருந்தது, என் காது மடலில் இருந்தது, சோற்றுத் தூக்கின் மூடிக்குள்ளும் இருந்தது. வேலை விடும்போது வேம்புலியின் இமைகூட வெளுத்திருக்கும். படுத்தால் இருமல்.

முதலில் விழுந்தது கரையான்சாவடி கோவிந்தன். மெஷினைத் தூக்க முடியாமல் உட்கார்ந்தவரை மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். அப்புறம் வேலைக்கு வரவில்லை.

"வெல்லத்த துன்னாம பொண்டாட்டிக்கு எட்த்துகினு பூட்டான். அப்பால தூசு சும்மா வுடுமா?" என்றார் மேஸ்திரி. எல்லோரும் தலையாட்டினார்கள். இனிமேல் தன் எதிரிலேயே தின்ன வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மேஸ்திரி, வெல்லம் வயித்துக்குப் போவுது. தூசு மூச்சுல போவுது. நான் முன்ன மாதிரி தண்ணி வுடறேன். தேச்சதும் தொடச்சு எண்ணெ தடவிட்டா துரு ஏறாது" என்றேன்.

மேஸ்திரி கெட்டவர் இல்லை, அலுத்துப்போனவர். தண்ணீருக்கு ஓர் ஆள், வெல்லத்துக்கு ஒரு செலவு என்று இரண்டையும் முதலாளி தரமாட்டார், எது வேண்டும் என்று ஆட்களையே கேட்டார். வெல்லத்துக்குத் தூக்கிய கைகளில் என் வீட்டுக்காரர் கையும் இருந்தது.

"இன்னாத்துக்குய்யா கை தூக்கினே?" என்று வழியில் கேட்டேன்.

"அல்லாரும் தூக்கறாங்கோ. நான் மட்டும் பொண்டாட்டிக்கு வேலை கேட்டேன்னு பேரு வாங்கணுமா?"

அதற்குமேல் சண்டை போட இருவருக்கும் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோவிந்தனைப் பார்க்கப் போனோம். மேஸ்திரி பார்க்காதபோது பாதி பாதியாக ஒளித்து வைத்திருந்த வெல்லத்தை வேம்புலி துணியில் முடிந்து எடுத்துக்கொண்டார். கோவிந்தனால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து, மூச்சைத் தேடித் தேடி இழுத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி நாகவல்லி விசிறிக்கொண்டிருந்தாள்.

"இந்தாம்மா, இத்த அண்ணாத்தைக்குக் குடு" என்று வேம்புலி முடிச்சை நீட்டினார். "அங்க குட்த்தத துன்னாம ஒனக்குன்னு கொணாந்துகினு இருந்துச்சாமே. இப்பவாச்சும் துன்னட்டும்."

நாகவல்லியின் விசிறி நின்றது. "எனக்கா? ஒரு துண்டு கூட நான் கண்ல பாக்கலையே."

கோவிந்தன் எங்களைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். "துன்னேன்... அல்லாத்தையும் நானே துன்னேன்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னார். "ஒனக்கு ஒண்ணு எட்த்தாந்துருக்கலாம். தோணல."

நீட்டிய கை நீட்டியபடி இருந்த வேம்புலி, பிறகு முடிச்சை நாகவல்லியின் மடியில் வைத்தார். "நீ துன்னும்மா" என்றார்.

திரும்பும்போது பூந்தமல்லி ரோட்டில் மைல்கல் மேல் உட்கார்ந்து இருமினார். நான் முதுகைத் தடவினேன்.

"நாளைக்கு அந்தச் செம்ப எட்து" என்றார்.

"கூலி குடுக்க மாட்டாங்கோ."

"தெரியும். என் கல்லுக்கு மட்டும் வுடு."

மறுநாள் விடிந்ததுமே வந்து கொட்டகையைக் கூட்டி முடித்துவிட்டு, துடைப்பத்தைச் சாய்த்து வைத்தேன். மேஸ்திரி நீட்டிய வெல்லத்துக்கு வேம்புலி கை நீட்டவில்லை.

"எனக்கு வோணாம். எனக்குத் தண்ணி போதும்."

மேஸ்திரி அவரையும் என் செம்பையும் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். கல் சுழன்றது. நான் ஊற்றினேன். வேம்புலியின் இருமல் நிற்கவில்லை. உள்ளே போனது போனதுதான், இன்னும் போகாமலாவது இருக்கட்டும் என்றுதான் ஊற்றினேன். பக்கத்துக் கற்களின் தூசு எங்கள் மேல் வந்துகொண்டுதான் இருந்தது.

மத்தியானத்துக்குமேல், பக்கத்தில் தேய்க்கிறவர் கன்னத்தில் வெல்லத்தை அடக்கிக்கொண்டே, தன் வார்ப்பை என் செம்புக்கு எட்டுகிற தூரத்தில் இழுத்துப் போட்டார். எனக்கு ஏற்கெனவே கை விட்டுப்போயிருந்தது. அதற்கும் ஊற்றினேன்.