தேயாத ஷூ

...ஷூ மட்டும் தேயவே இல்லையே, அது எப்படி, ஆறு மாதமாகத் தினமும் நாலு கிலோமீட்டர் நடக்கிற மனுஷனின் ஷூ, கயிறுகூட இல்லாமல் காலை நுழைத்தால் போதும் என்று மகள் தேடி வாங்கிக் கொடுத்தது, அதன் அடியில் கம்பெனிக்காரன் பதித்த எழுத்து இன்னும் அழியாமல் இருக்குமா, போன வாரம் கழுவ எடுத்தபோது கண்ணில் பட்டதிலிருந்து ருக்மணிக்கு இதே நினைப்பு, இதோ ஓசூர்ப் பனியில் முந்தானையைக் காதோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு ஏரிக்கரையில் புருஷனையே வேவு பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயதில் செய்கிற வேலையா இது? பூக்காரி "காப்பி ஆய்த்தா அக்கா?" என்று கேட்டதற்குக்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது... எங்கே அவர், குரங்குக் குல்லாய் போட்டுவிட்டால் எல்லா ஆண்களும் பின்னாலிருந்து ஒரே மாதிரிதான், ஷிப்ட் பஸ் குறுக்கே வந்து நின்ற ஒரு நிமிஷத்தில் ஆஞ்சப்பன் மறைந்துவிட்டார். போண்டாக் கடைதான், வேறெங்கே போவார்.

ஆனால் எண் குறைகிறதே, அதுதான் குழப்பம். நெஞ்சுவலி வந்தபோது டாக்டர் தெளிவாகச் சொன்னார், தினமும் நடங்க, வயசான இதயத்தையும் பழக்கலாம், அதே தூரத்தை அதே வேகத்தில் நடந்தாலும் மாதம் போகப் போகத் துடிப்பு குறையணும், குறையவில்லை என்றால் ஆபரேஷன்தான் என்று. பெங்களூரிலிருந்து பிரியதர்ஷினி துடிப்பு எண்ணும் கைக்கடிகாரம் வாங்கிவந்து, எண் அம்மா போனுக்கு வரும்படி செய்து கொடுத்தாள். முதல் மாதம் நூற்று முப்பது, இப்போது நூற்று நான்கு. எண் இறங்க இறங்கத்தான் ருக்மணிக்குத் தூக்கமே வந்தது, ஆஞ்சநேயருக்கு வெற்றிலை மாலை சாத்தினாள். அப்புறம் ஏன் சட்டை ஒருநாளும் வியர்வையில் நனையவில்லை? நடக்கும்போது மட்டும் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் கை அரிக்கிறது என்று கழற்றி டிவி மேல் வைப்பானேன்? வாயை முகர்ந்துகூடப் பார்த்தாள், எண்ணெய் வாசனை இல்லை, அதுவே பெரிய சந்தேகமாக இருந்தது.

போண்டாக் கடையில் அவர் இல்லை. இந்த ஆளை நம்பவே முடியாது, கம்பெனியில் இருந்தபோது பர்கூர் பஸ் தாமதமானால் கூட வேலை பார்த்த அக்பர் பாஷா இவருடைய வருகைக் கார்டையும் சேர்த்து மெஷினில் அடித்துவிடுவார், அவருக்கு இவர் அடிப்பார், முப்பது வருஷம் ஒருநாள்கூட மாட்டவில்லை என்று விருந்தாளிகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், நேரம் தவறாத ஊழியர் என்று கம்பெனி கொடுத்த சுவர்க்கடிகாரம் இன்னும் கூடத்தில் தொங்குகிறது... சேர்த்து அடிப்பது... ஒருவர் கார்டை இன்னொருவர்... அப்போதுதான் அக்பர் பாஷா வளைவில் திரும்பி வேகவேகமாக வந்தார், நெற்றியெல்லாம் வியர்வை, இடது மணிக்கட்டில் ஒரு கடிகாரம், வலது மணிக்கட்டில் ஒரு கடிகாரம்.

"எங்க பாய் அவரு? எந்தக் கடையில போண்டா துன்றாரு?"

பாய்க்கு எந்தக் கையை மறைப்பது என்று தெரியவில்லை. "பெஞ்சுல உக்காந்துகிறான்மா. மொத நாளே நூறடி தாண்டல, மாரைப் புடிச்சிக்கினான். டாக்டர் கீறிடுவாருன்னு பயம். நீயே கட்டிக்கினு நடடான்னான்... சிநேகிதன், எப்டிம்மா முடியாதுன்றது?"

பாய் வந்த வளைவைத் தாண்டிப் போய்ப் பார்த்தாள். வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கையில் டீகூட இல்லை, போண்டாவாக இருந்திருக்கக்கூடாதா என்று இருந்தது அவளுக்கு. அப்படியென்றால் அந்த நூற்று நான்கு... ஆறு மாதம் நடந்து தேறியது பாயின் இதயம், நல்லா இருக்கட்டும், வெற்றிலை மாலையும் அதற்குத்தான் போயிருக்கிறது, ஆனால் இவருடையது எத்தனை, நூற்று ஐம்பதா, யார் எண்ணினார்கள்? நேற்று லிஃப்ட் ஓடாதபோது இருபது லிட்டர் தண்ணீர்க் கேனை இரண்டு மாடி ஏற்றச் சொன்னது யார், நூத்தி நாலுதானே, தூக்குங்க என்று சிரித்தது யார்... பாதிப் படியில் கேனை இறக்கிவைத்துவிட்டு, நீ முன்னால போ, ஷூ கயிறு அவிழ்ந்துடுச்சி, கட்டிட்டு வர்றேன் என்று குனிந்தபடியே வெகுநேரம் நின்றாரே, அவளும் சரியென்று மேலே போய்விட்டாளே... அந்த ஷூவுக்குக் கயிறே கிடையாதே.