சீர்க்குடம்

கடலூர் முதுநகரில் புஷ்பவள்ளியிடம் அடி வாங்காதவர்கள் ஊருக்குப் புதிதாக வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். மீதிச் சில்லறை கேட்டதற்கு முறைத்த கண்டக்டர், மாவு மில்லில் அடுத்தவர் தூக்குவாளிக்குள் கைவிட்ட ஒருத்தன், மகள் பின்னால் சைக்கிளில் வந்த பையன், பையனுக்குப் பரிந்துகொண்டு வந்த அவனுடைய அப்பா, எல்லோருக்கும் ஒரே கை, ஒரே வேகம். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்ற பழமொழியே அவளைப் பார்த்த பிறகு யாரோ சொன்னதுதான் என்று தெருவில் சிரிப்பார்கள். அவள் காதில் விழாத தூரத்தில் நின்று சிரிப்பார்கள். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு ஒரு பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தத் தெருவில் அவள் தலைநிமிர்ந்து பிழைத்தது அந்த வலது கையால்தான்.

அடித்துவிட்டு வந்தால் சும்மா இருக்கமாட்டாள். சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அவன் என்ன சொன்னான், இவள் என்ன சொன்னாள், எந்தப் பக்கம் திரும்பி எந்தக் கன்னத்தில் விட்டாள் என்று மகளுக்கு நடித்தே காட்டுவாள். பிறகு பக்கத்து வீட்டுக்கு ஒரு தடவை. மறுநாள் மாவு மில்லில் ஒரு தடவை.

மகள் வெண்மதிக்குச் சிதம்பரத்தில் சம்பந்தம் கூடியபோதுதான் அந்தக் கைக்கு வினை வந்தது. மாப்பிள்ளை அவளோடு கல்லூரியில் படித்தவன். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், அவன் வீட்டாரைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்திருந்தான். கார்த்திகையில் நிச்சயம். தட்டு மாற்றி முடித்ததும், மாப்பிள்ளையின் அம்மா ராஜாமணி புஷ்பவள்ளியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஒங்க பொண்ணு தங்கம் சம்மந்தி. ஒங்களப் பத்திதான் நாலு பேரு நாலு விதமா சொல்றாங்க. எங்க வூடு அடிதடி தெரியாத வூடு. தை மாசம் தாலி ஏர்ற வரைக்கும் ஒரு பேச்சு என் காதுல விழக்கூடாது. விழுந்துச்சின்னா தட்டு திரும்பி வந்துரும், பாத்துக்குங்க."

அதைக் கேட்டபோதே புஷ்பவள்ளிக்குக் கை அரித்தது. வீட்டுக்கு வந்ததும் வெண்மதி அவள் எதிரில் உட்கார்ந்து, அம்மாவின் வலது கையை எடுத்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டாள்.

"கல்யாணம் முடியற வரைக்கும் யாரையும் அடிக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

பண்ணினாள். தலையில் அடித்த சத்தியத்தை மீறினால் அது அந்தத் தலைக்கே வரும் என்று பயப்படுகிறவள் அவள். போலீசுக்குப் பயப்படாத புஷ்பவள்ளி அதற்குப் பயந்தாள்.

சத்தியம் செய்துவிடலாம். கை கேட்க வேண்டுமே. அதற்கு இருசம்மாளிடம் போனாள். இருசம்மாள் சத்துணவு சமையல்காரி, புருஷன் இல்லாதவள், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். புஷ்பவள்ளியைவிட நாலைந்து வயது மூத்தவள். யாராவது வைதால்கூட, "வெயில்ல வந்தீங்களா, கொஞ்சம் தண்ணி குடிங்க" என்கிற ரகம். இத்தனை வருஷமும் புஷ்பவள்ளியைப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூட்டிவந்தவள் அவள்தான்.

இருசம்மாள் அவளைக் கூடவே இழுத்துக்கொண்டு அலைந்தாள். தெருவில் நடக்கமுடியாதவர்களுக்கு ரேஷன் வாங்குவது, கரண்டு பில் கட்டுவது, ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கித் துணைக்கு உட்காருவது என்று அவளுக்குத் தினமும் ஏதாவது ஊர் வேலை இருக்கும். ரேஷன் கடையில் புஷ்பவள்ளியை வரிசையின் கடைசியில் நிறுத்தி, பின்னால் வருகிறவளை முன்னால் விடச் சொன்னாள். ஒருத்தி முன்னால் போய்விட்டு இளித்தாள். புஷ்பவள்ளிக்கு உச்சி மண்டை சூடாகிவிட்டது.

"கை அரிச்சா முந்தானையப் புடி. இறுக்கிப் புடிச்சிக்கோ. கோவம் போனப்புறம் வுடு" என்றாள் இருசம்மாள்.

மார்கழி வருவதற்குள் அவளுடைய சேலைகள் எல்லாவற்றிலும் முந்தானை நைந்துபோனது. ஆனால் ஒருவனும் அடி வாங்கவில்லை. எலும்பு முறிவு வார்டில் ஆள் துணை இல்லாத ஒருத்திக்கு அவள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள், இது வேறு புஷ்பவள்ளியோ என்று கிட்டப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

அந்த டிசம்பர் முடிவில் 'தானே' என்று பேர் வைத்த புயல் அடித்தது. கூரைகளைப் பிய்த்து, மரங்களை வேரோடு சாய்த்து, கரண்டு கம்பங்களை மடக்கிப் போட்டுவிட்டுப் போனது. கரண்டு இல்லையென்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லையென்றால் தண்ணீர் இல்லை. கடல் பக்கத்திலேயே இருந்தும் நாக்கு வறண்டது ஊருக்கு. இருசம்மாள்தான் தன் மகளிர் குழுவைக் கூட்டி, ஒரு ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்துத் தெருமுனை போர்வெல்லில் மாட்டினாள். காலையில் கொஞ்ச நேரம் ஓடும். வீட்டுக்கு இவ்வளவு குடம் என்று கணக்கு. வரிசையைப் பார்த்துக்கொள்ள அவளும் புஷ்பவள்ளியும்.

அந்தப் பக்கத்தில் குடம் போட்டால் ஆள் நிற்கிற மாதிரி. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகலாம், யாரும் நகர்த்தமாட்டார்கள். நகர்த்தினால் வாய்ச்சண்டை. ஒருத்தி குடத்தை ஒருவன் காலால் தொட்டால் அது அவளையே உதைத்த மாதிரி, அதற்குமேல் பேச்சே கிடையாது. பிளாஸ்டிக் குடம் வந்த பிறகுதான் தண்ணீர்ச் சண்டையில் மண்டை உடைவது குறைந்தது. புயலோ பிளாஸ்டிக் குடங்களை எல்லாம் உப்பனாற்றுக்கு வாரிக்கொண்டு போய்விட்டது. ஜனங்கள் பரணிலிருந்து பழைய பித்தளைக் குடங்களை இறக்கிக்கொண்டு வந்தார்கள்.

"ஒன் வூட்ல ரெண்டு எவர்சில்வர் குடம் புதுசா இருக்குல்ல. குடம் இல்லாதவங்க ரெண்டு பேரு நிக்கிறாங்க" என்று இருசம்மாள் கேட்டாள்.

புஷ்பவள்ளிக்கு முகம் சுருங்கியது. "அது சீர்க்குடம்க்கா. பேரு வெட்டி வச்சிருக்கேன். பொண்ணு போற வூட்டுலதான் அதுல மொதத் தண்ணி ரொப்பணும். வேற எதுனா கேளு."

இருசம்மாள் மறுபடி கேட்கவில்லை. கட்டிலுக்கு அடியில் சேலை சுற்றி வைத்திருந்த அந்தக் குடங்களைப் போய் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள் புஷ்பவள்ளி. தைக்கு நாள் நெருங்கிவிட்டது.

மணவாளன் அன்று காலையில் லோடு ஆட்டோவில் வந்தான். கேன் தண்ணீர் வியாபாரம் அவனுக்கு. புயலுக்குப் பிறகு ஊரே காய்ந்து கிடக்க, அவன் காட்டில் மட்டும் மழை. ஆட்டோவில் நீல பேரல்களை அடுக்கிக்கொண்டு, கூட இரண்டு ஆட்களோடு வந்து போர்வெல்லை மறித்து நிறுத்தினான்.

"மொதல்ல இத ரொப்புங்க."

"வரிசையில வாங்க தம்பி. எல்லாம் காலையிலருந்து நிக்கிறாங்க" என்றாள் இருசம்மாள்.

 அவன் வரிசையின் முதல் குடத்தை எட்டி உதைத்தான். அது அடுத்ததில் இடித்து, அடுத்தது அதற்கடுத்ததில் இடித்து, குடங்கள் தெரு நெடுக உருண்டன. நிரம்பியிருந்த குடங்களின் தண்ணீர் மண்ணில் ஓடியது.  எல்லாக் கண்ணும் புஷ்பவள்ளி மேல் திரும்பின. இந்த மாதிரி நேரத்துக்கென்றே அவளை வைத்திருக்கிறது அந்தத் தெரு.

புஷ்பவள்ளி முந்தானையைப் பிடித்தாள்.

இருசம்மாள் குனிந்து ஒரு குடத்தை நிமிர்த்தி வைத்தாள். மணவாளன் அவள் கன்னத்தில் அறைந்தான். அவள் தள்ளாடி, நிமிர்ந்து, அடுத்த குடத்தை எடுத்து வைத்தாள். அவன் கொண்டையைப் பிடித்து இழுத்து, பம்பின் சிமெண்டுத் திட்டில் அவள் தலையை மோதினான். ரத்தம் புருவத்தில் இறங்கி மூக்கில் வழிந்தது. கீழே விழுந்தவளின் வயிற்றில் உதைத்தான். மறுபடி உதைத்தான். அவள் கத்தக்கூட இல்லை, மூச்சை மட்டும் பிடித்துப் பிடித்து விட்டாள்.

புஷ்பவள்ளி நின்றுகொண்டிருந்தாள். முந்தானை அவள் கையில் கிழிந்தது. வெண்மதி தலை, வெண்மதி தலை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். பொறுத்துக்கொண்டு நிற்கிற தன்னைப் போல ஒரு கேடுகெட்டவள் பூமியில் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. இத்தனை நாள் படித்த பொறுமையின் மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

அடிக்கத்தானே கூடாது. ஓடினாள். இருசம்மாள் மேல் கவிழ்ந்து விழுந்து அவளை மூடிக்கொண்டாள். அடுத்த உதை அவள் விலாவில் விழுந்தது. மணவாளனுக்கு முதலில் திகைப்பு. புஷ்பவள்ளி கையை ஓங்கவில்லை என்று தெரிந்ததும் தைரியம் வந்துவிட்டது. பழைய பாக்கி ஏதோ அவனுக்கும் இருந்திருக்கும். முதுகில் மிதித்தான், தலைமயிரைப் பிடித்துப் புரட்டிப் போட்டான், செருப்புக் காலைத் தூக்கி அவள் கழுத்தில் வைத்து அழுத்தினான்.

"இன்னாடி, கை எங்கடி போச்சி?" என்று சிரித்தான்.

புஷ்பவள்ளிக்கு மூச்சு அடைத்தது. கண் செருகியது. அப்போது மணி அடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கழுத்தை அழுத்திய கால் விலகியது.

இருசம்மாள் எழுந்து நின்றிருந்தாள். முகம் முழுக்க ரத்தம். கையில் யாருடையதோ பித்தளைக் குடம், பாதித் தண்ணீரோடு. மணவாளன் மண்டையைப் பிடித்துக்கொண்டு திரும்பினான். இரண்டாவது அடி நெற்றியில் விழுந்தது. அவன் முழங்காலிட்டு, அப்படியே சாய்ந்தான். கூட வந்த இருவரும் ஆட்டோவை விட்டுவிட்டு ஓடினார்கள். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பதைத் தெருவே பார்த்தது. யாருக்கும் கிட்டே போகத் துணிவில்லை.

இருசம்மாள் குடத்தை மூன்றாம் தடவை தலைக்குமேல் தூக்கினாள். எதிரில் இருப்பது யார் என்றே அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

அடிக்கிற தொழில் தெரிந்தவள் புஷ்பவள்ளி. எந்த அடியோடு நிறுத்த வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். இது விழுந்தால் அவன் பிணம், இவள் ஜெயிலுக்கு, பிள்ளைகள் தெருவுக்கு. மணவாளன் மேல் எட்டி விழுந்து வலது கையை நீட்டினாள். குடம் முன்கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

"அக்கா, போதும். அக்கா, நான்தாங்க்கா."

இருசம்மாள் அவளைப் பார்த்தாள். குடம் கையிலிருந்து நழுவியது. 

மணவாளனை ஆம்புலன்சில் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை என்று பிற்பகலில் தகவல் வந்தது. அதற்கு முன்பே போலீஸ் வந்துவிட்டது. வந்த ஏட்டு, "யாரு அடிச்சது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நேராகப் புஷ்பவள்ளியைப் பார்த்தார். பழக்கதோஷம். தெருவும் பழக்கதோஷத்தில் அவளைத்தான் பார்த்தது. இருசம்மாள் வாயைத் திறந்தாள்.

"நீ சும்மா இருக்கா" என்று புஷ்பவள்ளி முந்திக்கொண்டாள். கேஸ் என்று வந்தால் சத்துணவு வேலை போய்விடும். அந்த இரண்டு பிள்ளைகளும் அந்த அடுப்பில்தான் சாப்பிடுகின்றன. அவள் ஏட்டைப் பார்த்து, "நான்தான் அடிச்சேன். எழுதிக்குங்க" என்றாள்.

அவர் எழுதிக்கொண்டார். அங்கே நின்று பார்த்தவர்களைத் தவிர அதை நம்பாதவர் யாருமில்லை, பார்த்தவர்கள் இருசம்மாளைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவள் அடிக்காமல் இருந்த சண்டை அது.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். இருசம்மாளுக்குத் தலையில் தையல், புஷ்பவள்ளிக்குக் கையில் மாவுக்கட்டு. வெண்மதி ஓடிவந்து, மூச்சிரைக்க அம்மாவின் முன்னால் நின்றாள்.

"என் தலையில சத்தியம் பண்ணிட்டு அடிச்சியாம்மா?"

"ஆமா. அடிச்சேன்."

வெண்மதி காத்திருந்தாள். எந்தப் பக்கம் திரும்பினாள், எந்த இடத்தில் விட்டாள், அவன் எப்படி விழுந்தான், ஒன்றும் வரவில்லை. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் இருசம்மாள் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். வெண்மதி அம்மாவை ஒரு தடவை பார்த்தாள், இருசம்மாளை ஒரு தடவை பார்த்தாள். அவளுக்குப் புரிந்துபோனது. ஸ்டூலை இழுத்துப் போட்டு இரண்டு கட்டிலுக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

மறுநாளே சிதம்பரத்திலிருந்து ராஜாமணி வந்துவிட்டாள். இந்த மாதிரிச் செய்திக்குக் கரண்டும் வேண்டியதில்லை, பஸ்சும் வேண்டியதில்லை. ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தாள். நல்ல மாதிரியாகத்தான் கேட்டாள்.

"ஊர் ஆயிரம் சொல்லும் சம்மந்தி. ஒங்க வாயால கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். அடிச்சது நீங்கதானா?"

 போலீசிடம் சுலபமாக வந்த வார்த்தை இப்போது புஷ்பவள்ளிக்கு வரவில்லை. மகளின் கல்யாணம் அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டால் போதும். பக்கத்துக் கட்டிலில் இருசம்மாள் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். வெண்மதி அவள் தோளைப் பிடித்து மெதுவாக அழுத்திப் படுக்க வைத்தாள்.

"எங்கம்மாதான் அடிச்சாங்க அத்தை" என்றாள்.

 ராஜாமணி பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்தாள். "வூட்டுல கலந்துக்கிட்டு சொல்லி அனுப்புறேன்" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்பது அங்கிருந்த நான்கு பேருக்குமே தெரியும். வாசல்வரை போய் ஒரு தடவை வெண்மதியைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வருத்தம் இருந்தது.

புஷ்பவள்ளி அப்போதுதான் அழுதாள். கண்ணைத் துடைக்க வலது கை எழவில்லை. வெண்மதி தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் காலையில் வெண்மதி வீட்டுக்கு வந்தபோது ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்டது. வரிசையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, பாதி வீட்டில் குடமும் இல்லை. அவள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டுச் சேலையைப் பிரித்து, தன் பேர் வெட்டிய இரண்டு குடங்களையும் இடுப்புக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனாள். குடம் இல்லாமல் நின்ற இருவரைக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, வரிசையில் வைக்கச் சொன்னாள்.