இராமையா இல்லம்

என் அண்ணன் இராமையா நெதர்லாந்தில் வீடு வாங்கினார். உண்மையில் வாங்கியது அவர் மகன் சுந்தர். பணம் சுந்தருடையது, கடன் அந்த ஊர் பேங்க் கொடுத்தது, கையெழுத்து சுந்தரும் அவன் மனைவி ஹேமாவும் போட்டது. ஆனாலும் இங்கே பர்மாவில், தின்கன்ஜூனில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் வீடு வாங்கியவர் இராமையா என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொல்லும்வரை அண்ணன் யாரையும் விட்டதில்லை.

அவருக்கு இத்தனை வேகம் ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் குடியிருக்கும் இந்த வீடு அண்ணன் பயறு மண்டியில் கணக்கெழுதிச் சேர்த்த காசில் வாங்கியது. ஆனால் பத்திரம் பக்கத்து வீட்டு ஊ தௌங் பெயரில் இருக்கிறது. நாங்களும் இங்கே பிறந்தோம், எங்கள் அப்பாவும் இங்கே பிறந்தார், இருந்தாலும் எங்கள் கையில் இருப்பது வெளிநாட்டார் அட்டை. வெளிநாட்டாருக்கு இங்கே நிலம் எழுதித் தரமாட்டார்கள். அதனால் நம்மவர்கள் பலரும் செய்கிற மாதிரி நம்பிக்கையான பர்மாக்காரர் ஒருவரைப் பிடித்து அவர் பெயரில் வாங்கினோம்.

முப்பது வருஷமாக ஊ தௌங் அந்தப் பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அண்ணனுக்கு அதுதான் பெரிய சந்தேகம். பேசுகிறவனை நம்பலாம், பேசாதவன் மனசில் என்ன வைத்திருக்கிறானோ என்பார். கேட்டில் ஒரு பெயர்ப்பலகை மாட்டக்கூடப் பயம். தன் பெயரைப் போட்டால் ஊ தௌங் முகம் சுளிப்பாராம், வார்டு ஆபீஸில் கேள்வி வருமாம். மாட்டவும் மாட்டார், அந்த ஆசையை விடவும் மாட்டார். “எலி வளையானாலும் தனி வளை வேணும் பவானி. சாகறதுக்குள்ள ஒரு வீட்டு வாசல்ல என் பேர நான் பாக்கணும்,” என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்வார். அண்ணி போன பிறகு இந்தப் பாட்டைக் கேட்க நான் ஒருத்திதான் வீட்டில்.

சுந்தர் எப்படியோ குடியுரிமை அட்டையும் பாஸ்போர்ட்டும் வாங்கிச் சிங்கப்பூர் போனான். எப்படி வாங்கினான் என்பது தனிக்கதை, அச்சில் போட முடியாது. அங்கே ஹேமாவைக் கட்டிக்கொண்டு, பிறகு கம்பெனி மாற்றி நெதர்லாந்து போனான். இத்தனை வருஷம் வாடகையில் இருந்தவன் போன வருஷம் வீடு வாங்கப் போகிறேன் என்று போனில் சொன்னான். ஊர் பெயர் அமெர்ஸ்ஃபோர்ட். சத்தமே இல்லாத குடியிருப்பு, எல்லா வீடும் ஒட்டி ஒட்டி ஒரே மாதிரி இருக்கும், முன்னால் கைக்குட்டை அளவுக்குத் தோட்டம் என்றான். அண்ணன் அன்றைக்கே பஞ்சாங்கத்தைத் தூசி தட்டினார்.

கரன்ட் வரும் நேரம் பார்த்து, நெட் வரும் நேரம் பார்த்து, அண்ணன் வீடியோவில் வீடு பார்க்க உட்காருவார். முதல் வீட்டில் மாடிப்படி நேராக வாசலைப் பார்த்து இறங்குகிறது, லட்சுமி அப்படியே உருண்டு வெளியே போய்விடுவாள் என்று வேண்டாம் என்றார். இரண்டாவது தெற்குப் பார்த்த வாசல். மூன்றாவதில் ஈசானிய மூலையில் கக்கூஸ். இதையெல்லாம் சொன்னவர் உட்கார்ந்திருந்த வீட்டுக்கு வாசல் எதிரே சாக்கடை, கக்கூஸ் அதே ஈசானிய மூலையில்தான். நான் சுட்டிக் காட்டினேன். இது நம்ம பேர்ல இல்லையே, தோஷம் ஊ தௌங்குக்குத்தான் போகும் என்றார்.

அந்த ஊரில் வீடு விலைக்கு வந்தால் நாலு பேர் ஒரே நேரத்தில் விலை கேட்பார்களாம். கேட்ட விலைக்கு மேலேயே போட்டுக் கொடுத்தால்தான் கிடைக்குமாம். அண்ணன் அஷ்டமி நவமி பார்த்து முடிப்பதற்குள் மூன்றும் கைமாறிவிட்டன. நாலாவது வீட்டை சுந்தர் அண்ணனைக் கேட்காமலே முடித்துவிட்டான். வாசல் எந்தத் திசை என்று அண்ணன் கேட்டபோது ஹேமா கண்ணைக்கூடச் சிமிட்டாமல், “கிழக்கு மாமா,” என்றாள். சாயங்கால வெயில் அந்த வாசலில் நேராக அடிப்பதை அடுத்த வாரமே வீடியோவில் நான் பார்த்தேன். அண்ணனும் பார்த்தார், நல்ல வெளிச்சமான வீடு என்றார்.

அதற்கப்புறம்தான் எனக்கு ஏழரை ஆரம்பித்தது. கீழே ஒரு சின்ன ரூம் இருப்பதை அண்ணன் கவனித்துவிட்டார். மேலே மூன்று ரூம் இருக்கும்போது கீழே ஒன்று எதற்கு, வயசானவனால் மாடி ஏற முடியாது என்று மகன் யோசித்து வாங்கியிருக்கிறான் என்று அவராகவே முடிவு கட்டினார். சுந்தர் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அண்ணன் அம்மன் கோயில் கமிட்டியிலிருந்து விலகினார். வழியனுப்பு விழாவில் அவருக்கு மாலை போட்டு, தேங்காய் மூடியும் வெற்றிலை பாக்கும் கொடுத்தார்கள். மார்க்கெட்டில் கொரியாவிலிருந்து வந்த பழைய கம்பளிச் சட்டை ஒன்று வாங்கி, சித்திரை வெயிலில் உடம்புக்குப் பழக்கப்படுத்துகிறேன் என்று போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். உடம்பு பழகவில்லை, வேர்க்குருதான் வந்தது.

அது பரவாயில்லை. சத்தமில்லாமல் இருக்கவும் பழக ஆரம்பித்தார். அங்கே ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டுகிற மிஷினைக்கூடப் போட மாட்டார்களாம். அதனால் இங்கே நான் சட்டியைக் கீழே வைத்தால் உதட்டில் விரல் வைப்பார். தாளிக்கிற சத்தம் அதிகமாம், கடுகைக் குறைக்கச் சொன்னார். அந்தப் பக்கம் ஜெனரேட்டர் உறுமுகிறது, இந்தப் பக்கம் கோயில் திருப்பணிக்கு வசூல் கேட்டு மைக் கட்டிய வண்டி போகிறது, நடுவில் இவர் பூனை மாதிரி நடந்து வந்து காதருகே நின்று, “பவானி, கொஞ்சம் ரசம்,” என்பார். எனக்கு உயிரே போய்விடும்.

ஒருநாள் நான் க்ளினிக் வேலை முடிந்து வந்து பார்த்தால் ஜன்னலில் திரை இல்லை. டச்சுக்காரர்கள் ஜன்னலுக்குத் திரை போடமாட்டார்களாம், மறைக்க ஒன்றும் இல்லாத யோக்கியர்களாம். நான் தலையை விரித்துப் போட்டு எண்ணெய் தேய்ப்பதைத் தெருவே பார்த்தது. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் திரை திரும்ப ஏறியது. கொசுவும் என் பக்கம்தான் இருந்தது.

இந்தக் கூத்துக்கெல்லாம் சிகரம் வைத்தது அந்தப் பலகை. புது வீட்டுக்குப் பெயர் வேண்டாமா என்று ஒரு நாள் அண்ணன் கேட்டார். அப்படிக் கேட்டால் பெயரை முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம். புத்தர் கோயில் பகோடாக்களில் வேலை செய்கிற ஒரு தச்சரைப் பிடித்து நல்ல தேக்கில் செதுக்கக் கொடுத்தார். தச்சருக்குத் தமிழ் தெரியாது. அண்ணன் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து அப்படியே செதுக்கினார். கொம்பும் சுழியும் பர்மிய எழுத்து மாதிரி உருண்டு திரண்டு அழகாக வந்திருந்தன. ‘இராமையா இல்லம்.’ அண்ணன் அதைத் துணி போட்டுத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். எனக்கே கண் கலங்கிவிட்டது, பொய் சொல்ல மாட்டேன்.

மண்டி இக்பால் பாயின் மருமகன் கப்பலில் வேலை, ராட்டர்டாம் போகிறவன். அவன் தன் உடுப்பைக் குறைத்துக்கொண்டு பலகையைக் கொண்டுபோய்ச் சேர்த்தான். சுந்தர் கிடைத்தது என்று ஒரு வரி அனுப்பினான். அண்ணன் பதிலுக்கு, எந்த உயரத்தில் மாட்ட வேண்டும், எத்தனை ஆணி அடிக்க வேண்டும் என்றெல்லாம் எழுதினார். தேக்கு எந்த மழைக்கும் கெடாது, பயப்படாமல் வெளியே மாட்டு என்றும் எழுதினார்.

பிறகு ஒவ்வொரு வீடியோவிலும் அண்ணன் பலகையைத் தேடினார். சுந்தர் சமையலறையைக் காட்டுவான், ஹேமாவின் ஆபீஸ் ரூமைக் காட்டுவான். அண்ணன் தனக்கென்று நினைத்திருந்த கீழ் ரூம்தான் அது. அங்கே மேஜையும் கம்ப்யூட்டரும் வந்துவிட்டன. அண்ணன் முகம் ஒரு நிமிஷம் தொங்கியது. அப்புறம், போகட்டும், மாடி ஏறினால் முட்டிக்கு நல்லது என்றார். வாசலைக் காட்டு என்றால் மட்டும் அங்கே மழை பெய்யும், அல்லது நெட் போய்விடும். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் விடவில்லை.

“இங்க வீட்டுக்குப் பேர் வைக்கிற பழக்கம் இல்லப்பா. எல்லாத்துக்கும் நம்பர்தான்,” என்றான் சுந்தர்.

அவனுக்கு அடுப்பில் ஏதோ வேலை வந்தது. போனை மகள் நிலாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். அவளுக்கு எட்டு வயசு, தமிழ் அரைகுறை. தாத்தா வாசலைப் பார்க்கணுமா என்று கேட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்து காட்டினாள். கதவில் பளபளவென்று ஒரு பீங்கான் தகடு. நம்பர் இருந்தது, அதன் கீழே பெயர்களும் இருந்தன. அவளே விரல் வைத்துப் படித்தாள்: சுந்தர், ஹேமா, நிலா, மொப்பி. தெருவில் எல்லார் கதவிலும் இப்படி இருக்கும் என்றாள். மொப்பி யார் என்று நான் கேட்டேன். முயலாம்.

அந்தக் குழந்தைக்குச் சூதுவாது தெரியாது. தாத்தா பெயரும் இருக்கு வாங்க என்று பின்பக்கம் ஓடினாள். வேலி ஓரத்தில் ஒரு மரக்கூண்டு, உள்ளே சாம்பல் நிறத்தில் கொழுகொழுவென்று ஒரு முயல். கூண்டின் நெற்றியில் எங்கள் தச்சர் செதுக்கிய பலகை இருந்தது. அளவெடுத்துச் செய்த மாதிரி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

சுந்தர் ஓடி வந்து போனைப் பிடுங்கினான். முகம் வெளுத்துவிட்டது. “தேக்கு மழையில கெடாதுன்னு நீங்கதானப்பா எழுதுனீங்க,” என்றான்.

அண்ணன் மெதுவாக, அந்தச் சத்தமில்லாமல் பழகிய குரலில், “ஆமாப்பா, கெடாது,” என்றார். கரன்ட் போகவில்லை, நெட்டும் போகவில்லை. அவரே போனை அணைத்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பெற்றவன் பெயரை முயலுக்கு எழுதி வைத்த பிள்ளையை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று போனை எடுத்தேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. கம்பளிச் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தார். மறுநாள் டீக்கடையில் என்ன சொன்னார் தெரியுமா? மகன் தோட்டத்தில் தனியாக ஒரு வீடு கட்டி அதற்கு மட்டும் தன் பெயரை வைத்திருக்கிறான் என்று சொல்லியிருக்கிறார். அதில் யார் இருக்கிறார்கள் என்று இக்பால் பாய் கேட்டாராம். ஒரு டச்சுக்காரர் இருக்கிறார், சைவம், சத்தமே போடமாட்டார் என்றாராம்.

அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போன கதைதான் இது. சொந்தக் கேட்டில் ஆணி அடிக்கப் பயந்துகொண்டு கடல் தாண்டிப் பலகை அனுப்பினால் இதுதான் நடக்கும். நான் நேரே ஊ தௌங் வீட்டுக்குப் போனேன். எங்கள் கேட்டில் அண்ணன் பெயரைப் போட்டால் உங்களுக்கு மனவருத்தமா என்று பர்மிய மொழியில் கேட்டுவிட்டேன்.

அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னை விநோதமாகப் பார்த்தார். “முப்பது வருஷமா உங்க அண்ணனுக்கு வர்ற தபாலையெல்லாம் என் வீட்டுலதான் கொடுத்துட்டுப் போறாங்க. ஒரு பலகை போடுங்கன்னு சொல்ல நினைப்பேன். சொன்னா கோவிச்சுக்குவாரோன்னு விட்டுட்டேன்,” என்றார். உள்ளே போய் ஒரு சுத்தியலும் நாலு ஆணியும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

நான் வந்து அண்ணன் முன்னால் அதை வைத்தேன். பயமும் வேண்டாம், பாஸ்போர்ட்டும் வேண்டாம், இந்த வாசலில் உங்கள் பெயரைப் பாருங்கள் என்றேன். அண்ணன் சுத்தியலைக் கையில் எடுத்துப் பார்த்தார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு அதே தச்சரிடம் போனார். போகும்போது நடையில் பூனை இல்லை, செருப்புச் சத்தம் நன்றாகக் கேட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பாயசம்கூட வைத்தேன்.

அடுத்த வாரம் பலகை வந்தது. ஊ தௌங்தான் ஏணியில் ஏறி மாட்டினார், அண்ணன் கீழே நின்று நேராக இருக்கிறதா என்று பார்த்தார். துணியை விலக்கியதும் நான் படித்தேன். திரும்பவும் படித்தேன். ‘சுந்தர் இல்லம்.’

“என்ன அண்ணே இது?” என்றேன்.

“அவன் எப்பவாவது வருவான்ல. வந்தா தன் பேரப் பாத்துச் சந்தோஷப்படுவான்,” என்றார்.

ஊ தௌங்குக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஏணியிலிருந்து இறங்கி வந்து, இனிமேல் உங்கள் பெயரைத் தேடி யாரும் என் வீட்டுக்கு வரமாட்டார்கள் என்று அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அண்ணனும் சிரித்துக்கொண்டே குலுக்கினார். இந்த வீட்டுக்குப் பத்திரம் ஊ தௌங் பெயரில், பலகை சுந்தர் பெயரில். இராமையா இல்லத்தில் இப்போதும் மொப்பிதான் இருக்கிறது.